29 வாரம், கொரோனா பொசிட்டிவ், ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேரம்: எப்போது கிளம்ப வேண்டும்?

பீலிக்கரை
திங்கள், இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். வயிற்றில் இரண்டாவது பிள்ளை, 29 வாரம். கொழும்பில் கடை வேலை செய்யும் என் வீட்டுக்காரர் தீபாவளி லீவுக்குத் தடிமனோடு வந்து சேர்ந்தார். மூன்றாம் நாள் எனக்கும் காய்ச்சல், தொண்டை நோவு, உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி. நேற்று ஹட்டனில் ஒரு லேபில் அன்டிஜன் பார்த்தோம். பொசிட்டிவ்.

"இப்போ கொரோனா வராதவங்க யாரு, கொத்தமல்லித் தண்ணி குடி, ரெண்டு நாள்ல எழும்பிடுவ" என்கிறார் மாமி. 2021ல் சைனோபார்ம் கொரோனா ஊசி இரண்டும், அதற்குப் பிறகு பைசர் ஒன்றும் போட்டேன். அதோடு சரி. இப்போது காய்ச்சல் 101. இருமல் இருக்கிறது. சும்மா இருக்கும்போது மூச்சு முட்டவில்லை. தண்ணீர் எடுக்கப் பீலிக்குப் போய் வந்தால் இரைக்கிறது. 7 மாதத்தில் அது எல்லோருக்கும் வருவதுதானே என்று நினைத்துக்கொள்கிறேன், ஆனாலும் மனம் கேட்கவில்லை.

லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு 5 கிலோமீட்டர் கல் ரோடு. ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர ஒன்றரை மணி நேரம் ஆகும். மழை வேறு விடாமல் பெய்கிறது. தேவையில்லாமல் அலையவும் பயம், வீட்டிலேயே இருந்து ஏமாந்துவிடவும் பயம். என்ன ஆனால் கிளம்ப வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அப்பாயி பேரன்
இரவு 8.55

அக்கா, பயப்படாதீங்க. எங்கள் லயத்தில் போன மாதம் ஏழெட்டுப் பேருக்கு வந்து போனது. கொத்தமல்லி, இஞ்சி, வெந்நீர், ஆவி. நல்ல ஓய்வு எடுத்தால் போதும்.


பதுளை நர்ஸ்
இரவு 9.20

தங்கச்சி, நான் பிரசவ விடுதியில் வேலை செய்கிறவள். 2021 முழுக்க அங்கேதான் இருந்தேன். கொத்தமல்லித் தண்ணி குடிப்பதில் ஒரு குறையும் இல்லை, தொண்டைக்கு இதம்தான். ஆவி பிடிப்பதானால் சட்டியை மடியில் வைக்காதீர்கள். வயிற்றில் கொதிநீர் கொட்டி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு இது தடிமன் காய்ச்சலாக வந்து போய்விடும். ஊசி போட்டவர்களுக்கு அது இன்னும் கூடுதல் உண்மை. ஆனால் மாமியின் உடம்பும் உங்கள் உடம்பும் இப்போது ஒன்றில்லை. கர்ப்பப்பை மேலே ஏறி நெஞ்சின் அடித்தட்டைத் தள்ளுகிறது, நுரையீரல் விரிய இடம் குறைகிறது. அதே நேரம் உங்களுக்கும் பிள்ளைக்குமாக வேண்டிய ஒட்சிசன் 20 சதவீதம் அளவுக்குக் கூடியிருக்கிறது. கையிருப்பு குறைவு, செலவு அதிகம் என்ற நிலைமை. அதனால்தான் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் அரை நாளில் சரிந்துபோகிறார். கர்ப்ப காலத்தில் இரத்தமும் இயல்பாகவே உறைந்து கட்டியாகப் பார்க்கும், கொரோனா அதை இன்னும் கூட்டுகிறது.

2020ல் அமெரிக்காவில், அறிகுறியோடு கொரோனா வந்த 15 முதல் 44 வயது வரையான 4 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களின் விபரத்தை ஒப்பிட்டார்கள். அதில் கர்ப்பிணிகள் 23,000க்கு மேல். தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்கள் கர்ப்பிணிகளில் 1000க்கு சுமார் 10 பேர், மற்றவர்களில் 1000க்கு சுமார் 4 பேர். ஊசி வராத காலத்துக் கணக்கு இது, அதையும் மனதில் வையுங்கள். 18 நாடுகளில் நடந்த இன்னொரு ஆய்வில், கொரோனா வந்த தாய்மாருக்கு குறைமாதப் பிரசவமும், பிரஷர் ஏறும் பிரீஎக்லாம்சியாவும் கூடுதலாக இருந்தன.

இப்போது கிளம்புவது பற்றி. சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஒரு முழு வசனம் பேச முடியாமல் இடையில் மூச்சு இழுத்தால், நெஞ்சு வலித்தால், உதடு நீலம் பாய்ந்தால், பிள்ளையின் அசைவு குறைந்தால், இரத்தமோ நீரோ போனால், கண் மங்கி விடாத தலையிடி வந்தால் நேரம் பார்க்க வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படித்தான். காய்ச்சலுக்கு பனடோல் போடலாம். 500 மில்லிகிராம் குளிசை இரண்டு, 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, நாளுக்கு 8க்கு மேல் வேண்டாம். காய்ச்சலை அடங்காமல் விடுவதும் பிள்ளைக்கு நல்லதில்லை. ஐபுரூபன், டைக்ளோபெனாக் மாதிரி வலிக்குளிசைகளைக் கடையில் கொடுத்தாலும் தொடாதீர்கள். 20 வாரத்துக்குப் பிறகு அவை பிள்ளையின் சிறுநீரகத்தைத் தாக்கி, பிள்ளையைச் சுற்றியிருக்கும் பன்னீரைக் குறைத்துவிடும். கிளினிக்கில் சிறிய அளவு அஸ்பிரின் எழுதிக் கொடுத்திருந்தால் அது வேறு விஷயம், அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

மிட்வைஃபுக்கு போன் பண்ணிச் சொல்லிவிட்டீர்களா? இல்லையென்றால் இப்போதே சொல்லுங்கள்.


டிக்கோயாக்காரி
இரவு 9.50

இந்தத் தலைப்பைப் பார்த்ததும் பதில் எழுதாமல் படுக்க முடியவில்லை.

2021 ஆகஸ்ட். நாடே பூட்டிக் கிடந்தது. எனக்கு 34 வாரம். ஜூனிலேயே கர்ப்பிணிகளுக்கு ஊசி தொடங்கிவிட்டது. நான்தான் பிள்ளை பிறக்கட்டும், பிறகு போடலாம் என்று இருந்துவிட்டேன். காய்ச்சல் வந்தது, ஆறாம் நாள் விட்டுவிட்டது. மூச்சுத்திணறல் எதுவும் இல்லை. தப்பித்தோம் என்று நினைத்துக் கடவுளுக்குத் தேங்காய்கூட உடைத்தேன்.

ஒன்பதாம் நாள் இரவு. நான் இரவில் சீனி போட்டு சாயத்தண்ணி குடித்துவிட்டு இடது பக்கம் சரிந்து படுத்தால் பிள்ளை விலாவுக்குக் கீழே உதைக்கும், நாள் தவறாது. அன்று குடித்தேன், படுத்தேன், ஒன்றுமில்லை. இன்னொரு கோப்பை குடித்தேன். கையை வைத்துக்கொண்டே இருந்தேன். ஏதோ லேசாகப் புரண்ட மாதிரி இருந்தது, அது பிள்ளையா என் குடலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வெளியே மழை, ஊரடங்கு, வாகனம் கேட்டு யாரை எழுப்புவது என்ற கூச்சம். விடியட்டும் என்றோம். அப்போது இரவு ஒன்பது மணி. காலை ஆறுக்குத்தான் கிளம்பினோம்.

ஸ்கேன் பண்ணிய டாக்டர் திரையை என் பக்கம் திருப்பவில்லை. அதிலேயே தெரிந்துவிட்டது. பெண் பிள்ளை. நச்சுக்கொடி சில இடங்களில் வெளிறி, இறுகிப் போயிருந்ததாகச் சொன்னார்கள். கொரோனா நச்சுக்கொடியைத் தாக்கினால் பிள்ளைக்குப் போகும் இரத்தம் தடைப்படும், தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் அப்படி நடக்கலாம் என்று விளக்கினார்கள். இரவே வந்திருந்தாலும் காப்பாற்றியிருப்போம் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் அந்த டாக்டர் சொன்னார். என் மேல் இரக்கப்பட்டுச் சொன்னாரோ என்னவோ. அந்த ஒன்பது மணி நேரத்தை நான் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறேன்.

தங்கச்சி, யாரையும் எழுப்பக் கூச்சப்படாதீங்க. எனக்கு இப்போது இரண்டு வயதில் மகன் இருக்கிறான். அவன் வயிற்றில் இருந்தபோது ஒரு தடவை அசைவு குறைந்த மாதிரி இருந்தது. நடு இரவில் கொழுந்து லொறியில் போனேன். அவனுக்கு ஒன்றும் இல்லை, திருப்பி அனுப்பினார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை.


பீலிக்கரை
இரவு 10.05

அக்கா, வாசித்து அழுதுவிட்டேன். எழுதியதற்கு நன்றி. இப்போது பிள்ளை நன்றாக உதைக்கிறது. மிட்வைஃப் மிஸ்ஸுக்குச் சொல்லிவிட்டேன், காலையில் திரும்ப எடுக்கச் சொன்னார்.


பதுளை நர்ஸ்
இரவு 10.15

டிக்கோயாக்காரி அக்கா சொன்னது அபூர்வம், ஆனால் நிஜம். அமெரிக்காவில் 2020 மார்ச் முதல் 2021 செப்டம்பர் வரை நடந்த பிரசவங்களைப் பார்த்தபோது, பிரசவ நேரத்தில் கொரோனா இருந்தவர்களில் 100க்கு சுமார் 1.3 பிள்ளைகள் வயிற்றிலேயே இறந்து பிறந்தன. கொரோனா இல்லாதவர்களில் அது 0.6. டெல்டா காலத்தில் இந்த வித்தியாசம் இன்னும் கூடியது. நம் நாட்டிலும் 2021 செப்டம்பரில் கர்ப்பம் தரிப்பதை ஒரு வருடம் தள்ளிப்போடச் சொல்லி சுகாதார அதிகாரிகளே கேட்டார்கள். அதற்கு முந்தைய 4 மாதத்தில் 40க்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் கொரோனாவால் இறந்திருந்தார்கள். வழக்கமாக ஒரு முழு வருடத்திலேயே தாய்மார் மரணங்கள் 90, 100 என்றுதான் இருக்கும்.

இப்போது பரவும் கிருமி டெல்டா இல்லை. ஊசியும் பழைய தொற்றும் நம் உடம்புக்குக் கொஞ்சம் பழக்கம் கொடுத்திருக்கின்றன. அதனால் அந்தக் கணக்கை அப்படியே உங்கள் மேல் போட்டுப் பார்க்காதீர்கள். காய்ச்சல் விட்ட பிறகும் சில வாரங்களுக்கு அசைவைக் கவனியுங்கள் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.


மலைமகள்
இரவு 10.30

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். எங்கள் தோட்டத்தில் ஊசி போட்ட இரண்டு கிழமையில் ஒரு பெண்ணுக்குக் கரு கலைந்தது. அவளுக்கு மூன்றாம் மாதம். ஊசிதான் காரணம் என்று இன்றும் எல்லோரும் சொல்கிறார்கள். நம் பெண்களின் உடம்பில் யார் யாரோ என்னென்னவோ செய்திருக்கிறார்கள். 1980களில் கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொண்டால் காசு கொடுத்தார்கள். என் அம்மாயி அந்தக் காசை வாங்கியவர். என்ன செய்தார்கள் என்று அவருக்கு அவருடைய மொழியில் ஒருவரும் சொல்லவில்லை. நாங்கள் எப்படி நம்புவது?


பதுளை நர்ஸ்
இரவு 10.55

மலைமகள், உங்கள் அம்மாயிக்கு நடந்தது தப்பு. விளக்காமல் வாங்கும் சம்மதம் சம்மதமே இல்லை. இன்றைக்கும் கிளினிக்கில் தமிழில் கேள்வி கேட்கவும் பதில் வாங்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது, கேளுங்கள்.

ஊசி விஷயத்துக்கு வருகிறேன். கர்ப்பம் என்று தெரிந்தபிறகும் 100ல் 10 முதல் 20 வரை கலைந்துவிடுகின்றன, பெரும்பாலும் முதல் மூன்று மாதத்துக்குள். ஊசி வருவதற்கு முன்பும் அப்படித்தான். ஆயிரக்கணக்கான பெண்களுக்கு ஊசி போடும்போது, சிலருக்கு அடுத்த இரண்டு கிழமைக்குள் கலைவது ஊசி போடாவிட்டாலும் நடந்திருக்கும். அதனால்தான் ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல நாடுகளில் பார்த்தார்கள். கலைவது கூடவில்லை. அந்தப் பெண்ணின் துக்கத்தை நான் சின்னதாக்கவில்லை. அவள் ஊசி போடப் போனதால்தான் இப்படி ஆனது என்று சொல்லிச் சொல்லி அவள் தலையில் பழியை ஏற்றிவிடாதீர்கள் என்றுதான் கேட்கிறேன்.

இன்னொன்று, தாய் போட்ட ஊசியின் எதிர்ப்புச் சக்தி நச்சுக்கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது. கர்ப்ப காலத்தில் பைசர், மொடேர்னா போட்ட தாய்மாரின் பிள்ளைகள் முதல் 6 மாதத்தில் கொரோனாவால் ஆஸ்பத்திரியில் சேர்வது 61 சதவீதம் குறைந்ததாக 2022ல் அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. பச்சைக் குழந்தைக்கு நாம் கொரோனா ஊசி போட முடியாது, அதற்குக் கிடைப்பது தாய் கொடுப்பதுதான்.


மலைமகள்
இரவு 11.10

தமிழில் இப்படி ஒருவர் பொறுமையாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. யோசிக்கிறேன். பீலிக்கரைத் தங்கச்சி, உங்களுக்காக வேண்டிக்கொள்கிறேன்.


பீலிக்கரை
செவ்வாய், அதிகாலை 4.35

யாராவது விழித்திருக்கிறீர்களா? இருமல் கூடிவிட்டது. டிஸ்பென்சரியிலிருந்து 2021ல் பக்கத்து லயத்து அண்ணனுக்குக் கொடுத்த, விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் ஒக்சிமீட்டரை வாங்கிப் போட்டுப் பார்த்தோம். 92 காட்டுகிறது, கொஞ்ச நேரத்தில் 94, மறுபடி 93. மலைக்கு மேலே ஒட்சிசன் குறைவு, அதனால் அப்படித்தான் காட்டும் என்கிறார் அண்ணன். உண்மையா?


பதுளை நர்ஸ்
அதிகாலை 4.42

நைட் டியூட்டியில் இருக்கிறேன், பார்த்துவிட்டேன். கை குளிர்ந்து போயிருந்தால் அது பொய் காட்டும். இந்த நேரத்துக் குளிரில் விரல் ஐஸ் மாதிரி இருக்கும். தீபாவளிக்கு வைத்த மருதாணி கறுத்திருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் அப்படித்தான். மருதாணி இல்லாத விரலாகப் பாருங்கள். இரண்டு கையையும் அடுப்பு அனலில் காட்டித் தேய்த்துச் சூடாக்குங்கள், புகைக்குள் மட்டும் உட்காராதீர்கள். நேராக உட்கார்ந்து, கையை அசைக்காமல், எண் ஒரே இடத்தில் நிற்கும்வரை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள்.

உயரம் பற்றி அண்ணன் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் நுவரெலியா டவுனே 1868 மீட்டர்தான். அந்த உயரத்தில் ஒன்றிரண்டு எண் குறையலாம், சுகமாக இருக்கிறவருக்குப் பெரும்பாலும் 95ஐ ஒட்டி, அதற்கு மேலேதான் நிற்கும். நீங்கள் அதைவிடக் கீழே இருக்கிறீர்கள். கொரோனா வந்த கர்ப்பிணிக்கு 95க்குக் கீழே என்றால் மலை மேல் பழி போட்டு உட்கார்ந்திருக்கக் கூடாது.


பீலிக்கரை
அதிகாலை 4.51

வலது கை நடுவிரல், சூடாக்கிப் பார்த்தோம். 93. அசையவில்லை. நிமிடத்துக்கு 26 தடவை மூச்சு விடுகிறேன் என்று இவர் எண்ணிச் சொல்கிறார்.


பதுளை நர்ஸ்
அதிகாலை 4.52

கிளம்புங்கள். இப்போதே. அம்பியூலன்ஸுக்கு 1990க்கு அடியுங்கள், 29 வாரம், கொரோனா, ஒட்சிசன் 93 என்று இந்த வரிசையில் சொல்லுங்கள்.


தலவாக்கலை டிரைவர்
அதிகாலை 4.56

ஆட்டோ ஓட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். கல் ரோட்டில் அம்பியூலன்ஸ் ஏறி வரும்வரை மேலே காத்திருந்தால் அரை மணி நேரம் அங்கேயே போய்விடும். தோட்டத்தில் எந்த வாகனம் இருந்தாலும் அதில் மெயின் ரோட்டுச் சந்திக்கு இறங்கி, அங்கே வரச் சொல்லுங்கள். 1990காரர்களிடமே கேட்டு இடத்தை ஒத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் ஆகிவிடும். வாகனத்தில் மழைக்காகத் திரையை முழுக்க மூடாதீர்கள், காற்று வரட்டும். எல்லோரும் மாஸ்க். கிளினிக் அட்டை, இரண்டு போர்வை, போன் சார்ஜர்.


டிக்கோயாக்காரி
அதிகாலை 4.58

படுப்பதென்றால் மல்லாக்கப் படுக்க வேண்டாம், இடது பக்கம் சரிந்து, தலையை உயர்த்தி. உட்கார்ந்தால்தான் மூச்சு விட இலகு என்றால் உட்கார்ந்தே போங்கள்.

அங்கே தமிழ் பேசுகிறவர் யாரும் இல்லாவிட்டால் இந்த இரண்டையும் சொல்லுங்கள். மூச்சு விடக் கஷ்டம் என்பதற்கு "மட்ட ஹுஸ்ம கன்ன அமாருய்". பிள்ளை அசையவில்லை என்பதற்கு "பபா ஹெல்லென்னே நே". போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் வாய்க்கு வராது. அன்றைக்கு எனக்கு வரவில்லை.


அப்பாயி பேரன்
அதிகாலை 5.30

அக்கா, நேற்று ஓய்வு எடுத்தால் போதும் என்று எழுதியதற்கு மன்னியுங்கள். பத்திரமாகப் போய்ச்சேர்ந்ததும் ஒரு வார்த்தை போடுங்கள்.


பீலிக்கரை
வெள்ளி, பகல் 2.15

எல்லோருக்கும். வார்டில் இருந்து எழுதுகிறேன். நானும் பிள்ளையும் நன்றாக இருக்கிறோம்.

கங்காணி அண்ணனின் வேனில் சந்திக்கு இறங்கினோம், அம்பியூலன்ஸ் அங்கே வந்து நின்றது. அதில் ஏற்றியவுடனேயே ஒட்சிசன் மாஸ்க் போட்டார்கள். நிமோனியா தொடங்கியிருந்தது. நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னபோது பயந்தேன். பிள்ளைக்குப் போகும் கதிர் மிக மிகக் கொஞ்சம், எடுக்காமல் விடுவதுதான் ஆபத்து என்று ஒரு தமிழ் டாக்டர் விளக்கினார். டெக்சாமெதசோன் ஊசி, இரத்தம் கட்டாமல் இருக்க வயிற்றுத் தோலில் ஓர் ஊசி. பிள்ளையின் இதயத் துடிப்பை ஒரு பெல்ட் கட்டிப் பார்த்தார்கள். காகிதத்தில் கோடு ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், குதிரை ஓடுகிற மாதிரி சத்தம்.

நேற்று மாலையிலிருந்து ஒட்சிசன் இல்லாமலே 97. டாக்டர் ஒன்று சொன்னார்: எனக்கு இரத்தம் (ஹீமோகுளோபின்) 9.1 தானாம். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்க ஆள் குறைவாக இருக்கும்போது நுரையீரலும் சோர்ந்தால் இரட்டை அடி என்றார். இரும்புக் குளிசையை எதோடு குடிக்கிறாய் என்று கேட்டார். சாயத்தண்ணியோடு என்றேன். தேயிலைச் சாயம் இரும்பை உடம்பில் சேரவிடாதாம். இத்தனை மாதமும் நான் குடித்தது பாதிக்கு மேல் வீணாகப் போயிருக்கிறது.


பதுளை நர்ஸ்
பகல் 3.00

மனம் நிறைந்தது தங்கச்சி. இரும்புக் குளிசையை வெறும் தண்ணீரோடோ தேசிக்காய்த் தண்ணியோடோ குடியுங்கள். தேநீருக்கும் அதற்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி. கல்சியம் குளிசையையும் அதோடு சேர்த்துப் போடாதீர்கள். இது தோட்டத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் சொல்ல வேண்டியது.


பீலிக்கரை
பகல் 3.20

மாமி வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "பிள்ளைக்கும் கொரோனா இருக்குமா, பால் கொடுக்கலாமா" என்று கேட்டார். அதை நான் இங்கே கேட்கிறேன்.


பதுளை நர்ஸ்
பகல் 3.40

வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குத் தொற்றுவது மிகக் குறைவு. நீங்கள் பிரசவிக்க இன்னும் 10 வாரம் இருக்கிறது, அதற்குள் கிருமி போய்விடும். பிரசவ நேரத்தில் கொரோனா இருந்தாலும் மாஸ்க் போட்டு, கை கழுவிப் பால் கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். பால் வழியாகத் தொற்றுவதில்லை, எதிர்ப்புச் சக்திதான் போகிறது. கொரோனா வந்ததற்காக மட்டும் சிசேரியன் செய்வதும் இல்லை.

வீட்டுக்குப் போகும் முன் மூன்று விஷயம் கேட்டு எழுதி வாங்குங்கள். வயிற்றில் போடும் ஊசியை வீட்டிலும் தொடர வேண்டுமா, எத்தனை நாள். பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேன் எந்தத் திகதி. அடுத்த பிரஷர் பரிசோதனை எப்போது, மிட்வைஃப் வீட்டுக்கு வருவாரா. தீபாவளியால் கிளினிக் தவறியிருந்தால் அதையும் சேர்த்துக் கேளுங்கள்.


பீலிக்கரை
மாலை 5.10

கேட்டேன் அக்கா. ஊசி 10 நாள், போடும் விதத்தை இவருக்கு நர்ஸ் பழக்கிக் காட்டினார், கை நடுங்குகிறது என்கிறார். ஸ்கேன் 32வது வாரத்தில். இந்த முறை வாகனத்துக்கு முதல் நாளே சொல்லி வைத்துவிட்டோம். ஒக்சிமீட்டரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், பிள்ளை பிறக்கும்வரை நீயே வைத்துக்கொள் என்று பக்கத்து லயத்து அண்ணன் சொல்லியனுப்பியிருக்கிறார்.